மூன்று லினக்ஸ் கணினிகளுக்கு ஒரே ஃபோல்டர்: என்எஃப்எஸ்-ஆ, சம்பாவா, எஸ்எஸ்எச்எஃப்எஸ்-ஆ?

தேன்சிட்டு:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மூன்று கணினிகள், மூன்றிலும் லினக்ஸ்தான். மேசைக் கணினியில் உபுண்டு, லேப்டாப்பில் ஃபெடோரா, பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டிய பழைய பெட்டி ஒன்றில் டெபியன். மூன்றும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றன. டெபியன் பெட்டியில் இருக்கும் ஒரு ஃபோல்டர் மற்ற இரண்டிலும் சொந்த ஃபோல்டர் மாதிரியே திறக்க வேண்டும். எங்கே திருத்தினாலும் மற்றதில் தெரிய வேண்டும். படங்கள், ஆவணங்கள், கொஞ்சம் புரோகிராம் கோடு, அவ்வளவுதான்.

முதலில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) போட்டேன். மவுண்ட் ஆகிறது, அதாவது அந்த ஃபோல்டர் இங்கே இணைகிறது, கோப்புகளும் தெரிகின்றன. ஃபோல்டருக்கு 777 அனுமதி (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்த பிறகு இரண்டு கணினியிலிருந்தும் எழுதவும் முடிகிறது. ஆனால் லேப்டாப்பில் நான் உருவாக்கிய கோப்பை மேசைக் கணினியில் திறந்து சேமிக்கப் போனால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. சில கோப்புகளுக்கு உரிமையாளர் இடத்தில் ‘நோபடி’ என்று இருக்கிறது.

சிலர் சம்பா (விண்டோஸ் பாணிப் பகிர்வு) போடச் சொல்கிறார்கள், சிலர் எஸ்எஸ்எச்எஃப்எஸ் (எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக ஃபோல்டரைக் காட்டுவது) போதும் என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

மின்மினி:

அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து 777 என்று ஓட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

முனையம்:

மின்மினி, அது இன்றைக்கு இருக்கும் கோப்புகளுக்குத்தான். நாளைக்கு உருவாகும் கோப்பு மறுபடியும் 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) என்று வந்து நிற்கும். தினமும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தேன்சிட்டு, மூன்று கணினியிலும் ‘ஐடி’ என்று மட்டும் அடித்து, வரும் எண்களை இங்கே போடுங்கள். சர்வரில், அதாவது டெபியன் பெட்டியில், அந்த ஃபோல்டருக்குள் போய் ‘எல்எஸ்’ கட்டளையைச் சிறிய எல், சிறிய என் இரண்டு எழுத்தையும் சேர்த்துக் கொடுத்து ஓட்டுங்கள். அப்போது பெயருக்குப் பதில் எண் வரும், எனக்கு வேண்டியது அந்த எண்தான். யாருக்குப் பகிர்வது என்று எழுதியிருக்கும், ஈடிசி-யில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் வரியையும் அப்படியே போடுங்கள்.

வேர்ப்பயனர்:

777 பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லா இடத்திலும் இதைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பதும் பெயர் மாற்றுவதும் அந்தக் கோப்பின் அனுமதியைப் பொறுத்தது அல்ல. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தால் போதும். ஆகவே ஃபோல்டர் 777, உள்ளே கோப்பு 644 என்று இருந்தால், நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் கோப்பை அழித்துவிடலாம். ஆனால் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிக்க முடியாது. வேண்டியதற்கு நேர் எதிரான நிலை இது. தேன்சிட்டு இப்போது நிற்பது இங்கேதான்.

தேன்சிட்டு:

அண்ணா, கேட்டதெல்லாம் இதோ:

மேசைக் கணினியில் என் எண் 1000. டெபியன் சர்வரிலும் 1000. லேப்டாப்பில் மட்டும் 1001. அந்த லேப்டாப் முதலில் தங்கையுடையது, அவள் கணக்குதான் அங்கே முதலில் உருவானது.

சர்வரில் பார்த்தால், மேசைக் கணினியில் உருவாக்கியவற்றில் 1000 என்றும் லேப்டாப்பில் உருவாக்கியவற்றில் 1001 என்றும் இருக்கிறது. ‘நோபடி’ என்று வருபவற்றில் 65534. எக்ஸ்போர்ட்ஸ் வரி:

/பகிர்வு 192.168.1.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

முனையம்:

நினைத்தது சரிதான். என்எஃப்எஸ்-இல் ஒரு கோப்பை யார் எழுதினார்கள் என்பது பெயராகப் போவதில்லை, எண்ணாகத்தான் போகிறது. வழக்கமான அமைப்பில் கிளையண்ட் (மவுண்ட் செய்யும் கணினி) ‘இதைக் கேட்பது 1001’ என்று சொல்லும். சர்வர் அதை அப்படியே நம்பி, 1001-க்கு என்ன உரிமை உண்டோ அதைக் கொடுக்கும். மூன்று கணினியிலும் உங்கள் கணக்குக்கு ஒரே பெயர் வைத்திருக்கலாம், சர்வருக்கு அது பொருட்டே இல்லை.

உங்கள் விஷயத்தில் என்ன நடக்கிறது பாருங்கள். லேப்டாப்பில் தங்கையின் எண் 1000. மேசைக் கணினியில் உங்கள் எண்ணும் 1000. ஆகவே மேசைக் கணினியில் நீங்கள் எழுதும் கோப்பு எல்லாம் லேப்டாப்பில் தங்கைக்குச் சொந்தம். அவள் திருத்தலாம். அதே லேப்டாப்பில் நீங்கள் உட்கார்ந்தால் நீங்கள் வேற்றாள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வருவதற்கு இதுதான் காரணம், என்எஃப்எஸ்-இல் கோளாறு எதுவும் இல்லை.

65534 என்பது வேறு கதை. கிளையண்டில் சூடோ போட்டு, அதாவது ரூட் என்னும் நிர்வாகி உரிமையோடு, எதையாவது அங்கே நகலெடுத்தீர்களா? ரூட்டாக வரும் கோரிக்கையைச் சர்வர் 65534-ஆக மாற்றிவிடும். ரூட் ஸ்குவாஷ் என்பது இதுதான், சொல்லாமலே இயல்பாக இயங்கும். அதை அணைத்துவைக்கச் சொல்லி யாராவது வழி காட்டினால் கேட்காதீர்கள். லேப்டாப்பில் ரூட் கிடைத்தவருக்குச் சர்வரின் அந்த ஃபோல்டரிலும் ரூட் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தேன்சிட்டு:

ஆமாம் அண்ணா, பழைய படங்களைச் சூடோ போட்டுத்தான் நகலெடுத்தேன். இப்போது புரிகிறது. தங்கையைப் பற்றிச் சொன்னதைச் சோதித்தும் பார்த்தோம். என் மேசைக் கணினிக் கோப்புகளை அவளால் திருத்த முடிகிறது!

இனி என்ன செய்யட்டும்? அவளும் இந்த ஃபோல்டரைப் பயன்படுத்துவாள்.

வேர்ப்பயனர்:

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பகிர்வு என்றால் எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ‘ஆல் ஸ்குவாஷ்’ போட்டு, ‘அனான்யுஐடி’, ‘அனான்ஜிஐடி’ இரண்டுக்கும் 1000 கொடுத்தால் முடிந்தது. யார் எங்கிருந்து எழுதினாலும் சர்வரில் 1000 என்றே பதிவாகும். ஆனால் இருவர் இருக்கும்போது யார் எழுதியது என்ற தடயமே இல்லாமல் போகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இருவர் என்றால் எண்களை ஒழுங்குபடுத்துவதுதான் நேர்வழி. 1000, 1001 இரண்டையும் இடம் மாற்றுவது குழப்பம். புதிதாக உங்களுக்கு 2001, தங்கைக்கு 2002, பொதுக் குழு ஒன்றுக்கு 3000 என்று வைத்துக்கொண்டு, மூன்று கணினியிலும் அதையே கொடுங்கள். யூசர்மாட் கட்டளை எண்ணை மாற்றும்போது ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் கோப்புகளையும் சேர்த்தே மாற்றிவிடும். ஹோமுக்கு வெளியே இருப்பவற்றைத் தொடாது. அவற்றை ஃபைண்ட் கட்டளையில் பழைய எண்ணைக் கொடுத்துத் தேடி, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் போட வேண்டும். அந்தக் கணக்கில் லாகின் செய்திருக்கும்போது எண்ணை மாற்ற விடாது, ஆகவே முழுக்க வெளியே வந்து ரூட்டாகச் செய்யுங்கள். முக்கியமானவற்றை முன்னதாக வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சர்வரில் பகிர்வு ஃபோல்டரின் குழுவை 3000 ஆக்கி, அனுமதியை 2775 என்று வையுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2 தான் முக்கியம். அது இருந்தால் உள்ளே உருவாகும் ஒவ்வொரு கோப்பும் எழுதியவரின் சொந்தக் குழுவை விட்டுவிட்டு ஃபோல்டரின் குழுவை எடுத்துக்கொள்ளும். உள்ளே உருவாகும் துணை ஃபோல்டருக்கும் அந்த 2 தொடரும். ஏற்கெனவே இருக்கும் துணை ஃபோல்டர்களுக்கு நீங்களே போட வேண்டும். கோப்புகளுக்கு 2775 போடாதீர்கள், 664 போதும்.

முனையம்:

ஐயா சொன்னதோடு அமாஸ்க் (புதுக் கோப்பின் அனுமதியிலிருந்து கழிக்கப்படும் எண்) விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமாஸ்க் 022 என்று இருக்கும் கணினியில் உருவாகும் கோப்பு 644 ஆகும். குழு சரியாக வந்தாலும் குழுவுக்கு எழுதும் உரிமை வராது. எல்லாக் கணினியிலும் அமாஸ்க்கை 002 ஆக்கலாம். அதைவிட, சர்வரில் செட்எஃப்ஏசிஎல் கொண்டு அந்த ஃபோல்டருக்கு இயல்பு ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) போட்டு, 3000 குழுவுக்கு எழுதும் உரிமையைக் கொடுத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. இயல்பு ஏசிஎல் இருந்தால் லினக்ஸ் அமாஸ்க்கைப் பார்க்காது.

ஒரு நுணுக்கம் உண்டு. பழைய என்எஃப்எஸ் 4 மவுண்டில் கிளையண்ட் தன் அமாஸ்க்கைக் கழித்துவிட்டுத்தான் அனுமதி எண்ணையே அனுப்பும். ஏசிஎல் போட்டும் பயனில்லை என்று பலர் புலம்பியது இதனால்தான். 4.2 பதிப்பில் அமாஸ்க் தனியாகச் சர்வருக்குப் போகிறது, சர்வர் முடிவெடுக்கிறது. மவுண்ட் ஆன பின் ‘மவுண்ட்’ என்று அடித்துப் பாருங்கள், வெர்ஸ் என்ற இடத்தில் 4.2 என்று இருக்க வேண்டும். ஏசிஎல்-ஐச் சர்வரில்தான் போட வேண்டும், மவுண்ட் செய்த கணினியில் செட்எஃப்ஏசிஎல் ஓடாது.

கடலோடி:

எல்லோரும் என்எஃப்எஸ் பக்கமே பேசுவதால் நான் மறுபக்கம் பேசுகிறேன். ‘கிளையண்ட் சொல்லும் எண்ணைச் சர்வர் அப்படியே நம்பும்’ என்று முனையம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த வைஃபையில் சேர்ந்த யாரோ ஒருவர், தன் லேப்டாப்பில் ரூட்டாக இருப்பவர், 2001 என்ற எண்ணில் ஒரு கணக்கை உருவாக்கினால் போதும். தேன்சிட்டுவின் கோப்பு அத்தனையும் அவருக்குத் திறக்கும். கடவுச்சொல் எங்கேயும் கேட்காது. வழியில் போகும் தரவும் மறைகுறியாக்கம் இல்லாமல்தான் போகும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் என்எஃப்எஸ்-ஐக் கொண்டுவந்தபோது, எல்லாக் கணினிக்கும் ஒரே நிர்வாகி, ரூட் அவரிடம் மட்டும் என்ற சூழல். அங்கே எண்ணை நம்புவதில் தப்பில்லை. இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் ரூட் இருக்கிறது.

சம்பாவில் ஒவ்வொருவரும் தன் பெயர், தன் கடவுச்சொல் கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ‘வேலிட் யூசர்ஸ்’ என்ற வரியில் யார் யார் என்று எழுதிவிடலாம். சம்பா பயன்படுத்தும் நெறிமுறையான எஸ்எம்பி 3-இல் மறைகுறியாக்கத்தையும் கட்டாயமாக்கலாம். தேன்சிட்டு மூன்று கணினியில் எண்களை மாற்றும் இந்த அறுவைச் சிகிச்சையே தேவைப்படாது. நாளைக்கு ஒரு விண்டோஸ் கணினியோ கைபேசியோ வந்தாலும் அதே பகிர்வு வேலை செய்யும்.

வேர்ப்பயனர்:

கடலோடி சொல்லும் பாதுகாப்புக் குறை உண்மை, நான் மறுக்கவில்லை. அதற்கு என்எஃப்எஸ்-இலேயே கெர்பரோஸ் இருக்கிறது. ‘செக்’ என்ற தேர்வில் ‘கேஆர்பி5பி’ கொடுத்தால் ஆளையும் சரிபார்க்கும், தரவையும் மறைக்கும். ஆனால் மூன்று கணினிக்காகக் கெர்பரோஸ் சர்வர் நிறுவி, சாவிகளைப் பராமரிக்க யாரையும் நான் சொல்ல மாட்டேன். சின்ன நெட்வொர்க்கில் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிட்டு, முழு 192.168.1.0/24-க்குப் பதில் இரண்டு கணினிகளின் முகவரிகளை மட்டும் எக்ஸ்போர்ட்ஸில் எழுதுவது குறைந்தபட்சம். முகவரியைப் போலியாக வைத்துக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்நியர்கள் சேரும் நெட்வொர்க் என்றால் வெறும் என்எஃப்எஸ் வேண்டாம். வயர்கார்ட் (மறைகுறியாக்கிய விபிஎன்) உள்ளே ஓட்டலாம், இல்லையென்றால் கடலோடி சொல்வதுபோல் சம்பா.

முகவரி எழுதும்போது ஒரு இடைவெளி எவ்வளவு பெரிய ஓட்டை என்று காட்டுகிறேன்:

/பகிர்வு 192.168.1.20(ஆர்டபிள்யூ)
/பகிர்வு 192.168.1.20 (ஆர்டபிள்யூ)

முதல் வரியில் அந்த ஒரு கணினிக்கு எழுதும் உரிமை. இரண்டாவது வரியில் அடைப்புக்குறிக்கு முன் ஒரு இடைவெளி இருக்கிறது. அதன் பொருள்: 192.168.1.20-க்கு இயல்பான உரிமை, அதாவது படிக்க மட்டும். உலகத்தில் மற்ற எல்லோருக்கும் எழுதும் உரிமை. கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை முதலில் ‘ஆர்ஏ’ கொடுத்தும் அடுத்து ‘வி’ கொடுத்தும் ஓட்டி, யாருக்கு என்ன போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

காற்றாடி:

கடலோடி, லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் சம்பாவின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். இயல்பான மவுண்டில், மவுண்ட் செய்யும்போது எந்தக் கடவுச்சொல் கொடுக்கிறோமோ அந்த ஒருவராகத்தான் அந்தக் கணினியில் எல்லோரும் சர்வருக்குத் தெரிவார்கள். தேன்சிட்டுவும் தங்கையும் ஒரே லேப்டாப்பைப் பகிர்ந்தால் இருவருக்கும் தனித்தனி மவுண்ட் வேண்டும். இயக்கும் அனுமதி, சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) இரண்டும் பழைய எஸ்எம்பி 1-இன் யூனிக்ஸ் நீட்டிப்பில் ஒழுங்காக இருந்தன. அந்த எஸ்எம்பி 1-ஐப் பாதுகாப்புக்காகச் சம்பா 4.11-இலிருந்து இயல்பாகவே அணைத்துவிட்டார்கள், அதுவும் சரிதான். அதனால் கோடு வைத்திருக்கும் ஃபோல்டரைச் சம்பா வழியாக மவுண்ட் செய்து, கோடின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் ஓட்டினால், எதையும் தொடாமலே எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டும். அனுமதி பிட் மாறியதைத்தான் அப்படிச் சொல்கிறது. ‘கோர் ஃபைல்மோட்’ என்பதை அணைத்தால் அமைதியாகும்.

தனி ஆள், ஒரு லேப்டாப் என்றால் எஸ்எஸ்எச்எஃப்எஸ்-ஐ விட எளிது எதுவும் இல்லை. சர்வரில் எஸ்எஸ்எச் இருந்தால் போதும், வேறு எதையும் நிறுவ வேண்டாம், போர்ட் 22 தவிர எதையும் திறக்க வேண்டாம். சாவி வைத்து நுழைவதால் ஆள் யார் என்ற சந்தேகமும் இல்லை. எண் வேறுபாட்டுக்கு ‘ஐடிமேப்’ தேர்வில் ‘யூசர்’ என்று கொடுத்தால் சர்வரில் உங்கள் கோப்பு இங்கேயும் உங்கள் கோப்பாகத் தெரியும்.

அதன் குறைகள்: ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் மெதுவாகும். ஒருவர் பூட்டிய கோப்பை இன்னொரு கணினி பூட்டியதாக அறியாது. ஆகவே இருவர் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் திறக்கும் இடத்துக்கு அது ஒத்துவராது.

தேன்சிட்டு:

வேர்ப்பயனர் ஐயா சொன்னபடி எண்களை மாற்றிவிட்டேன். 2775, இயல்பு ஏசிஎல் எல்லாம் போட்டாயிற்று. இப்போது நானும் தங்கையும் எங்கிருந்தும் திருத்த முடிகிறது. மனமார்ந்த நன்றி.

புதிதாக இரண்டு கேள்விகள். ஒன்று, லேப்டாப்பை வெளியே எடுத்துப் போனால் உறைந்துவிடுகிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ அடித்தால் பதிலே வரவில்லை, ஃபைல் மேனேஜரும் நிற்கிறது, கன்ட்ரோல் சி கூட வேலை செய்யவில்லை. இரண்டு, வேறு இடத்திலிருந்து பகிர்வுக்குள் நகர்த்தும் சில கோப்புகளுக்கு மட்டும் இன்னும் 3000 குழு வரவில்லை.

முனையம்:

இரண்டாவது எளிது. நகலெடுத்தால் அங்கே புதுக் கோப்பு உருவாகிறது, குழுவும் வந்துவிடும். ‘எம்வி’ போட்டு நகர்த்தினால் பழைய உரிமையாளர், பழைய குழு, பழைய அனுமதி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வர முயலும். நகலெடுத்துவிட்டு மூலத்தை அழியுங்கள். ‘சிபி’ போடும்போது ‘பி’ தேர்வைச் சேர்க்காதீர்கள்.

முதலாவது, என்எஃப்எஸ் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். இயல்பு மவுண்ட் ‘ஹார்ட்’ வகை. சர்வர் பதில் தராவிட்டால் வரும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடாமல் இருப்பதற்காக. ‘சாஃப்ட்’ போட்டால் சிறிது நேரத்தில் பிழை சொல்லி விலகிவிடும். ஆனால் அந்தப் பிழையைக் கவனிக்காத செயலி எதுவாவது இருந்தால் பாதிக் கோப்போடு நிற்பீர்கள். எழுதும் மவுண்டுக்குச் சாஃப்ட் வேண்டவே வேண்டாம்.

லேப்டாப்பில் எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) வரியில் ‘நோஆட்டோ’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60’, ‘_நெட்டெவ்’ நான்கையும் சேருங்கள். ஃபோல்டரைத் தொட்டால்தான் மவுண்ட் ஆகும், 60 விநாடி யாரும் தொடாவிட்டால் தானே இறங்கிவிடும். ஏற்கெனவே உறைந்து நிற்பதை எடுக்க ‘யுமவுண்ட்’ கட்டளைக்கு ‘எஃப்’, ‘எல்’ இரண்டையும் கொடுங்கள்.

காற்றாடி:

லேப்டாப்புக்கு நான் சொன்ன எஸ்எஸ்எச்எஃப்எஸ்-ஐயே போடலாமே. ‘ரீகனெக்ட்’ தேர்வும், ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 15 என்றும் கொடுத்தால், இணைப்பு போய் வந்தாலும் தானே ஒட்டிக்கொள்ளும். மேசைக் கணினி எப்போதும் வீட்டு வயரில் இருப்பது, அதற்கு என்எஃப்எஸ். இரண்டும் ஒரே ஃபோல்டரைக் காட்டுவதில் தடை எதுவும் இல்லை. எஸ்எஸ்எச்எஃப்எஸ் வழியாகப் போனாலும் சர்வரில் அதே 2001 எண், அதே குழு, அதே ஏசிஎல். நீங்கள் எண்களைச் சரிசெய்து வைத்த பலன் இங்கேயும் கிடைக்கும்.

தேன்சிட்டு:

இது நன்றாக இருக்கிறது காற்றாடி. இன்னொன்று, படங்களை ஒழுங்குபடுத்தும் செயலியின் தரவுத்தளத்தையும் பகிர்வுக்குள்ளேயே வைத்தால் இரண்டு கணினியிலும் ஒரே ஆல்பம் வருமா? எஸ்க்யூலைட் கோப்பு என்று நினைக்கிறேன்.

வேர்ப்பயனர்:

தயவுசெய்து வேண்டாம். படங்கள் பகிர்வில் இருக்கட்டும், தரவுத்தளம் அந்தந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கட்டும். எஸ்க்யூலைட் முழுக்கக் கோப்புப் பூட்டை நம்பி ஓடுவது. நெட்வொர்க் ஃபோல்டரில் பூட்டு சரியாக நடக்காவிட்டால் தரவுத்தளம் கெடும் என்று அதை எழுதியவர்களே ஆவணத்தில் எச்சரிக்கிறார்கள். அதன் டபிள்யூஏஎல் முறை ஒரே கணினிக்குள் பகிரும் நினைவகத்தைப் பயன்படுத்துகிறது, ஆகவே இரண்டு கணினிகளுக்கு நடுவில் அது நடக்கவே நடக்காது. எஸ்எஸ்எச்எஃப்எஸ்-உம் கலந்திருக்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம். உலாவியின் புரொஃபைல், மின்னஞ்சல் செயலியின் ஃபோல்டர், எல்லாவற்றுக்கும் இதேதான்.

மரப்பாச்சி:

இந்த இழையைப் படித்து என் பகிர்வையும் சரிசெய்துகொண்டேன். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பின் ஒ-கர உயிர்மெய்க் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லினக்ஸ் கோப்பமைப்பு பெயரை வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கிறது, ஆகவே அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் ‘கொடை’ என்று இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் ஓட்டினால் ஒன்றை மறுபடி மறுபடி நகலெடுக்கும். கோ, கௌ வரிசைகளிலும் இதுவே. மேக் கணினி ஒன்று நடுவில் வந்துபோன பகிர்வுகளில் இதை நிறையப் பார்க்கலாம். கான்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களை ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். முதலில் அது என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், ‘நோடெஸ்ட்’ கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும்.

நீளமும் ஒரு பிரச்சினை. இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்பதே ஐந்து குறியீடுகள், 15 பைட். ஆக மொத்தம் 85 குறியீடுகளுக்குமேல் பெயர் வைக்க முடியாது. கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராகச் சேமித்தால் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். விண்டோஸிலோ மேக்கிலோ எல்லை பைட்டில் இல்லாததால் அங்கே சரியாக இருந்த பெயர் லினக்ஸ் பகிர்வுக்கு வரும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று திரும்பிவிடும்.

முனையம்:

அக்கா, இதைத் தனி இழையாகவே போடுங்கள். கான்வ்எம்வி பற்றித் தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

மின்மினி:

எனக்கு மவுண்டே ஆகவில்லை, ‘கனெக்ஷன் டைம்டு அவுட்’ என்று நிற்கிறது. அதைச் சொல்லுங்கள்.

கடலோடி:

அது ஃபயர்வால். என்எஃப்எஸ் 4-க்கு டிசிபி 2049 மட்டும் திறந்தால் போதும். பதிப்பு 3 என்றால் 111-உம், ஒவ்வொரு முறையும் மாறக்கூடிய வேறு சில போர்ட்களும் வேண்டும். அதனால் 4-ஐயே பயன்படுத்துங்கள். சம்பாவுக்கு 445. ஃபெடோராவைச் சர்வராக்கி, சம்பாவில் உள்ளே நுழைய முடிந்தும் ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கின் பக்கம் பாருங்கள், அந்த ஃபோல்டருக்கு ‘சம்பா_ஷேர்_டி’ என்ற அடையாளம் வேண்டும். எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்லும் பதில்களை நம்பாதீர்கள்.

உபுண்டுவில் ஹோமுக்குள் இருக்கும் ஃபோல்டரைப் பகிர்ந்தால் இன்னொன்று: 21.04 பதிப்பிலிருந்து ஹோம் ஃபோல்டரே 750. உள்ளே எவ்வளவு தாராளமாக அனுமதி கொடுத்தாலும் வாசலிலேயே மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். பகிர்வை ஹோமுக்கு வெளியே வையுங்கள்.

தேன்சிட்டு:

இப்போது நிலைமை: மேசைக் கணினியில் என்எஃப்எஸ் 4.2, வயர் வழியாக விநாடிக்கு 110 மெகாபைட் அளவில் வருகிறது, ஒரு கிகாபிட் வயரில் இதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று புரிந்துகொண்டேன். லேப்டாப்பில் எஸ்எஸ்எச்எஃப்எஸ். எக்ஸ்போர்ட்ஸில் மேசைக் கணினியின் முகவரி மட்டும், அதை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கியும் விட்டேன்.

இன்று காலை சர்வரை மறுபடி இயக்கியபோது ஒன்று நடந்தது. பெரிய டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுண்ட் ஆகவில்லை. ஆனால் மேசைக் கணினியில் பகிர்வு இருந்தது, காலியாக. அதற்குள் எழுதவும் முடிந்தது. டிஸ்க்கை மறுபடி மவுண்ட் செய்ததும் பழைய கோப்புகள் வந்துவிட்டன, காலையில் எழுதியவை காணோம். அவை எங்கே போயின?

வேர்ப்பயனர்:

எங்கேயும் போகவில்லை தம்பி, அடியில் இருக்கின்றன. டிஸ்க் மவுண்ட் ஆகாதபோது ‘/பகிர்வு’ என்பது சர்வரின் மூல டிஸ்க்கில் இருக்கும் ஒரு வெறும் ஃபோல்டர். என்எஃப்எஸ் அதையே பகிர்ந்தது, நீங்கள் அதற்குள் எழுதினீர்கள். பிறகு மேலே டிஸ்க் வந்து மூடிவிட்டது. என்எஃப்எஸ் சேவையை நிறுத்தி, டிஸ்க்கை இறக்கிவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பாருங்கள், காலைக் கோப்புகள் இருக்கும். எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்கள்.

இனி இது நடக்காமல் இருக்க எக்ஸ்போர்ட்ஸ் அடைப்புக்குறிக்குள் ‘எம்பி’ என்று சேருங்கள். அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால்தான் சர்வர் பகிரும், இல்லையென்றால் பகிரவே பகிராது. கூடவே, டிஸ்க் இறங்கியிருக்கும்போது அந்த வெறும் ஃபோல்டருக்கு ‘சிஎச்ஏடிடிஆர் +ஐ’ போட்டுவிடுங்கள். ரூட் கூட அதற்குள் தவறுதலாக எழுத முடியாது, டிஸ்க் மேலே வந்ததும் வழக்கம்போல வேலை செய்யும்.

தேன்சிட்டு:

கோப்புகள் கிடைத்துவிட்டன ஐயா! எம்பி-யும் சேர்த்தாயிற்று. டிஸ்க்கை வேண்டுமென்றே இறக்கிவிட்டுச் சர்வரை மறுபடி இயக்கிப் பார்த்தேன், மேசைக் கணினியில் மவுண்ட் ஆகவில்லை, பிழை சொல்லி நின்றது. டிஸ்க்கை ஏற்றி எக்ஸ்போர்ட்எஃப்எஸ் ஓட்டியதும் வந்துவிட்டது. அந்த டிஸ்க் ஏன் தானாக மவுண்ட் ஆகவில்லை என்பதற்கு லாக் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கேபிள் மேல்தான் சந்தேகம். அதை வன்பொருள் பகுதியில் தனி இழையாகப் போடுகிறேன்.